சன்னத்தின் வேகத்தை அளந்தவர்: தேவனாம்பட்டினத்தில் முடிந்த ஒரு வாழ்க்கை

அக்காவின் மகன் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். கணிதப் பிரிவு. சென்ற மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது விறாந்தை மேசையில் அவனுடைய இணைந்த கணிதக் கொப்பி திறந்தபடி கிடந்தது. பக்கத்தின் நடுவே ஒரு படம். மேலே ஒரு கோடு, அதிலிருந்து தொங்கும் ஓர் இழை, இழையின் நுனியில் ஒரு பெட்டி, பெட்டியை நோக்கி ஓர் அம்புக்குறி. தரப்பட்ட திணிவுடைய சன்னம் ஒன்று கிடையாக வந்து, தொங்கிக்கொண்டிருக்கும் மரக்குற்றிக்குள் பதிகிறது. குற்றி இவ்வளவு உயரத்துக்கு எழுகிறது. சன்னம் வந்த வேகம் என்ன?

உயர்தரத்தில் கணிதமோ பௌதிகமோ படித்தவர்கள் ஒருமுறையாவது செய்திருக்கக்கூடிய கணக்கு. அவன் ஆறேழு வரிகளில் விடையைக் கண்டிருந்தான். தேநீர் கொண்டுவந்த அக்கா கொப்பியை எட்டிப் பார்த்து, இது என்ன பெட்டி என்று கேட்டார். மரக்குற்றி என்றான். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். 2009 இல் அவருடைய தோளுக்குள் போன ஒரு துண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுப்பதைவிட விடுவது நல்லது என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள்.

அந்த மரக்குற்றியை முதன்முதலில் தொங்கவிட்டவர் யார் என்று தேடத் தொடங்கியது அன்றிரவுதான். பெயர் பெஞ்சமின் றொபின்ஸ். ஆங்கிலேயர். பீரங்கி பற்றிய அறிவியலின் வரலாறு எழுதப்படும் இடமெல்லாம் இவருடைய பெயர் இருக்கிறது. ஆனால் அவர் இறந்த இடத்தை வாசித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடலூருக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக் கோட்டை.

றொபின்ஸ் 1707 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். தகப்பன் ஜோன் ஒரு தையற்காரர். கையில் காசு குறைவு. குடும்பம் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தது. குவேக்கர்கள் ஆயுதம் தொடுவதில்லை, எந்த அரசனுக்காகவும் போருக்குப் போவதில்லை என்று 17 ஆம் நூற்றாண்டிலேயே அறிவித்துவிட்டு, அதற்காகச் சிறையும் சென்றவர்கள். எளிய உடை, எளிய பேச்சு. சன்னத்தின் வேகத்தை உலகுக்குச் சொன்ன மனிதர் இந்த வீட்டிலிருந்துதான் வந்தார்.

பல்கலைக்கழகம் போக வசதியில்லை. பெரும்பாலும் தானாகவே படித்தார். அவருடைய கணிதத் திறமையைக் கண்ட சிலர் அவர் எழுதியதை லண்டனில் இருந்த ஹென்றி பெம்பேர்ட்டனுக்கு அனுப்பினார்கள். நியூற்றனின் பெருநூலின் மூன்றாம் பதிப்பைக் கவனித்து வெளிக்கொணர்ந்தவர் பெம்பேர்ட்டன். அவர் சோதித்துப் பார்க்கச் சில கணக்குகளைக் கொடுக்க, பையன் அவற்றை அழகாகச் செய்து அனுப்பினான். லண்டனுக்கு வரச் சொன்னார்கள். 1727 இல், இருபது வயதில், றொபின்ஸ் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நியூற்றன் இறந்ததும் அதே வருடம்தான்.

லண்டனில் அவர் குவேக்கர் உடையையும் பேச்சையும் விட்டுவிட்டார். வயிற்றுப்பாட்டுக்கு மாணவர்களுக்குத் தனித்தனியாகக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஓரிடத்தில் இருந்து பாடம் சொல்வது அவருக்குச் சரிவரவில்லை. பாலம், ஆலை, துறைமுகம், சதுப்பு நிலத்து நீரை வடிப்பது என்று பொறியியல் பக்கம் திரும்பினார். பிளாண்டர்ஸ் பகுதிக்குப் போய் அங்கிருந்த கோட்டைகளைப் பார்த்து வந்தார். இடையில் நியூற்றனுக்காக வாதாடினார். பேர்னூலியோடு மோதினார், பாதிரியார் பேர்க்லியோடு மோதினார், ஒயிலர் எழுதிய இயக்கவியல் நூலைக் கடுமையாக விமர்சித்தார். சண்டைக்காரர் என்றுதான் தோன்றுகிறது. அரசியலிலும் அப்படித்தான். பிரதமர் வால்போலுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். வால்போல் வீழ்ந்த பிறகு 1742 இல் அவரை விசாரிக்கப் பாராளுமன்றம் அமைத்த இரகசியக் குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தார்.

1741 இல் வூல்விச்சில் அரச இராணுவக் கல்லூரி தொடங்கியது. கோட்டை கட்டும் கலையைக் கற்பிக்கும் பதவியை றொபின்ஸ் எதிர்பார்த்தார். அது இன்னொருவருக்குப் போனது. அடுத்த வருடம் அவருடைய புத்தகம் வந்தது: பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள். பெரிய புத்தகமல்ல. ஐரோப்பியப் படைகளின் பீரங்கிப் பாடம் எல்லாவற்றையும் அது திருப்பி எழுத வைத்தது.

அதற்கு முன் என்ன நிலை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். துப்பாக்கி ஐரோப்பாவுக்கு வந்து முந்நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது. எத்தனையோ இலட்சம் பேர் அதனால் செத்துப் போயிருந்தார்கள். ஆனால் குழாயை விட்டு வெளிவரும் சன்னம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று யாருக்கும் நம்பத்தக்க விதத்தில் தெரியாது. கணிதக்காரர்கள் கலிலியோ சொன்னபடி குண்டு பரவளைவுப் பாதையில் போகும் என்று அட்டவணை போட்டார்கள். காற்று மெல்லியது, கனமான ஈயக்குண்டை அது என்ன செய்துவிடும் என்பது அவர்களுடைய எண்ணம். பீரங்கிக்காரர்களுக்கு அட்டவணை பொருந்துவதில்லை என்று தெரியும். அவர்கள் கைப்பழக்கத்தில் சுட்டார்கள்.

வேகத்தை அளப்பதற்குத் தூரமும் நேரமும் வேண்டும். தூரம் பிரச்சினையில்லை. நேரம்தான் பிரச்சினை. துப்பாக்கி வாயிலிருந்து 25 அடி தூரத்தை ஒரு சன்னம் கடக்கச் செக்கனில் நூறில் ஒன்றரைப் பங்கு போதும். அந்தக் காலத்து எந்த மணிக்கூடும் அதைப் பிடிக்காது. றொபின்ஸ் நேரத்தை அளக்கிற முயற்சியையே விட்டுவிட்டார். சன்னத்தை இன்னொன்றில் மோதவிட்டு, மோதப்பட்டது எவ்வளவு அசைகிறது என்று பார்ப்போம் என்றார்.

மூன்று கால் கொண்ட தாங்கி ஒன்று. அதிலிருந்து தொங்கும் இரும்புத் தகடு, தகட்டின் முகப்பில் பூட்டிய தடித்த மரக்கட்டை. எல்லாம் சேர்த்து 56 இறாத்தல் பாரம். சன்னம் ஈயத்தில் வார்த்த உருண்டை, முக்கால் அங்குல விட்டம். பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல். சன்னம் கட்டைக்குள் புகுந்து அங்கேயே நின்றுவிடும். அது கொண்டுவந்த உந்தம் முழுவதும் இப்போது ஊசலுக்கு. ஊசல் சன்னத்தைவிட ஏறத்தாழ 670 மடங்கு பாரம், ஆகவே அது ஏறத்தாழ அத்தனை மடங்கு மெதுவாக அசையும். அவ்வளவு மெதுவானதை மனிதக் கண்ணால் பார்க்கலாம், கையால் அளக்கலாம். ஊசலின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி, அதன் மறுபக்கத்தை ஒரு பிளவு வழியாக விட்டிருந்தார். ஊசல் பின்னால் போகும்போது நாடாவை இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வரும்போது இழுபட்ட நாடா அப்படியே நிற்கும். எவ்வளவு நாடா வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு தூரம் வீசியது என்று தெரியும். மிச்சம் கணக்கு. அக்காவின் மகன் செய்த அதே கணக்கு.

வந்த விடை செக்கனுக்குச் சுமார் 1,670 அடி. எங்கள் அளவில் 500 மீற்றருக்குச் சற்று மேல்.

இதோடு விட்டிருந்தால் அவர் ஓர் எண்ணைக் கண்டுபிடித்தவர் என்று மட்டும் நினைவிருப்பார். அவர் ஊசலைத் தள்ளி வைத்தார். 25 அடியில் 1,670 ஆக இருந்த வேகம், 75 அடியில் 1,550 ஆனது. 125 அடியில் 1,425. வெறும் நூறு அடிக்குள் சன்னம் 245 அடி வேகத்தை இழந்திருந்தது. எடுத்தது யார்? இடையில் இருந்தது காற்று மட்டும்தான். இந்த மூன்று எண்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது கலிலியோவின் பரவளைவு உடைந்தது. காற்று இல்லாவிட்டால் இந்தச் சன்னம் 45 பாகையில் சுட்டால் 17 மைல் போக வேண்டும். உண்மையில் அரை மைல்கூடப் போவதில்லை. 24 இறாத்தல் பீரங்கிக் குண்டு வாயை விட்டு வரும்போது காற்று அதை எதிர்க்கும் விசை அந்தக் குண்டின் நிறையைவிட 20 மடங்குக்கு மேல் என்று கணக்கிட்டார். பல நூறு இறாத்தல் பாரம் கொண்ட கையொன்று முன்னால் நின்று தள்ளுவது போல. இன்னொன்றையும் கவனித்தார். வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கிக் கடக்கும் இடத்தில் இந்த எதிர்ப்பு திடீரென்று பெருகுகிறது. ஒலித்தடை என்று பின்னாளில் விமானக்காரர்கள் பேசப்போவதை ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு இருநூறு வருடத்துக்கு முன்பே தொட்டிருந்தார்.

இந்த இடத்தில் வன்னியில் இருந்தவர்களுக்குப் பாடம் தேவையில்லை. எறிகணை என்றால் முதலில் தூரத்தில் குத்துகிற சத்தம் கேட்கும், பிறகு எண்ணுவோம், எண்ணி முடிப்பதற்குள் பதுங்குகுழிக்குள் விழுந்துவிட வேண்டும். சன்னத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அது சத்தத்தைவிட வேகமாக வருகிறது. வெடிச் சத்தம் காதில் விழுந்தால் அந்தச் சன்னம் ஏற்கெனவே எங்களைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். நான் சிறுவனாக இருந்தபோது வயதானவர்கள் இதை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

றொபின்ஸின் புத்தகம் மூன்று வருடத்தில் ஜேர்மன் மொழிக்குப் போனது. பிரஷிய அரசன் பிரெடரிக், பீரங்கி பற்றிய சிறந்த நூல் எது என்று ஒயிலரிடம் கேட்டார். ஒயிலர் தன்னை அவ்வளவு கடுமையாக விமர்சித்த றொபின்ஸின் நூலையே காட்டி, 1745 இல் தானே மொழிபெயர்த்தும் கொடுத்தார். கூடவே தன் கணித விளக்கங்களைச் சேர்த்து, சின்னப் புத்தகத்தைப் பல மடங்கு பெருக்கியும் விட்டார். எல்லாவற்றிலும் உடன்படவில்லை என்றாலும், பழைய பகையை எடுக்காத பெருந்தன்மையை இங்கே சொல்லத்தான் வேண்டும். பின்னர் அது பிரெஞ்சுக்கும் போனது. இளம் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த நெப்போலியன் குறிப்பெடுத்துப் படித்த நூல்களில் இதுவும் ஒன்று.

ஒயிலர் உடன்படாத விடயம் எது என்பது சுவாரசியமானது. சன்னம் மேலே கீழே மட்டுமல்ல, இடமும் வலமும் விலகிப் போவதை றொபின்ஸ் கண்டிருந்தார். குழாய்க்குள் ஒரு பக்கச் சுவரில் உரசிக்கொண்டு வருவதால் சன்னம் சுழலத் தொடங்குகிறது, சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்பது அவருடைய விளக்கம். கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலேயே வளைந்து இறங்குகிறதே, அதே காரணம். நிரூபிக்க ஒரு வேடிக்கையான வேலை செய்தார். ஒரு துப்பாக்கிக் குழாயின் முனையை இடது பக்கமாக வளைத்தார். மெல்லிய கடதாசித் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுட்டார். திரைகளில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்தால், சன்னம் முதலில் குழாய் வளைந்த இடப்பக்கமே போயிருந்தது. பிறகு திரும்பி வலப்பக்கம் போயிருந்தது. வளைந்த குழாய்க்குள் அது வலது சுவரோடு உருண்டு வந்ததால் ஏற்பட்ட சுழற்சி. ஒயிலர் இதை ஏற்கவில்லை. உருண்டை ஒழுங்காக வார்க்கப்படாததுதான் காரணம் என்றார். றொபின்ஸ்தான் சரி. ஆனால் நூறு வருடம் கழித்து ஜேர்மானியரான மேக்னஸ் அதை மறுபடி செய்து காட்ட, அவருடைய பெயரே அந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது.

சுழற்சி சன்னத்தைக் கெடுக்கிறது என்றால், அதையே ஒழுங்காகக் கொடுத்தால் என்ன? ஜேர்மன் வேடர்களிடம் குழாயின் உட்புறத்தில் சுருளாகத் தவாளிப்பு வெட்டிய துப்பாக்கிகள் நெடுங்காலமாக இருந்தன. குறி தப்பாது என்று பெயர். ஏன் தப்பாது என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. தவாளிப்பு சன்னத்தை அது போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழற்றுகிறது, அதனால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ள இடமில்லை என்று றொபின்ஸ் 1747 இல் ரோயல் சொசைட்டியில் விளக்கினார். உருண்டைக்குப் பதிலாக முட்டை வடிவத்தில் சன்னம் செய்யலாம் என்றும் சொன்னார். இந்தத் துப்பாக்கியின் இயல்பை முழுமையாகப் புரிந்துகொண்டு தன் படைக்கு எந்த நாடு முதலில் கொடுக்கிறதோ, அந்த நாடு மற்றவற்றை மிஞ்சிவிடும் என்று முன்கூட்டியே அறிவித்தார். இன்று உலகில் எந்தப் படை தூக்கும் றைபிளின் குழாய்க்குள்ளும் அந்தத் தவாளிப்பு இருக்கிறது.

அவருக்குத் தான் என்ன செய்கிறார் என்று தெரியாமலில்லை. வெறும் இயற்கையின் இரகசியம் தேடிய அப்பாவி விஞ்ஞானி என்று அவரை எழுத என்னால் முடியாது. 1747 இலேயே கடற்படைக்கு இன்னொரு யோசனையும் கொடுத்தார்: அதே பாரத்தில் வாய் அகன்ற பீரங்கியைச் செய்து, வெடிமருந்தைக் குறைத்து, பெரிய குண்டை எறியுங்கள். பெரிய குண்டு மெதுவாக வந்தாலும் கப்பலின் பலகையை அதிகம் பிளக்கும். முப்பது வருடம் கழித்து வந்த கரொனேட் என்னும் கப்பல் பீரங்கிக்கு இந்த யோசனைதான் விதை. அதேவேளை அவரை ஒரு கொடியவராக எழுதவும் மனம் வரவில்லை. அவர் அளக்காவிட்டால் இன்னொருவர் அளந்திருப்பார் என்பது பழைய சமாதானம். அதை நான் சொல்லப்போவதில்லை. நான் கவனித்தது வேறு. அவருடைய ஊசலில் தொங்கியது மரக்கட்டை. சன்னம் போய்ச் சேரும் இடத்தில் உண்மையில் நிற்பது எது என்ற கேள்வி அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. இன்றைய கொப்பியிலும் தேவைப்படவில்லை.

அவருடைய ஆய்வுகளுக்கு ரோயல் சொசைட்டி 1746 ஆம் ஆண்டுக்கான கோப்லி பதக்கத்தைக் கொடுத்தது. கடற்படைத் தளபதி ஆன்சன் அவருக்கு நண்பரானார். ஆன்சன் உலகைச் சுற்றி வந்த பயணத்தைப் பற்றி 1748 இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்ட நூலில் கப்பற் பாதிரியார் வோல்டரின் பெயர் இருந்தாலும், அதில் பெரும்பகுதி றொபின்ஸின் எழுத்து என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். பாதிரியார் தரப்பு மறுத்தது.

1749 ஏப்ரல் 27. லண்டன் கிரீன் பார்க்கில் பெரிய வாணவேடிக்கை. பிரான்சோடு நடந்த போர் முடிந்து சமாதானம் வந்ததைக் கொண்டாடுகிறார்கள். இசையமைப்பாளர் ஹண்டெல் அதற்கென்றே இசை அமைத்திருந்தார். ஊரே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, றொபின்ஸ் வாணங்கள் எவ்வளவு உயரம் போகின்றன என்று கோணம் பிடித்து அளக்க ஏற்பாடு செய்திருந்தார். பெரும்பாலானவை சுமார் 440 யார், ஒன்று 600 யாருக்கும் மேல். அதையும் கட்டுரையாக எழுதி ரோயல் சொசைட்டிக்குக் கொடுத்தார்.

அந்தச் சமாதானம்தான் அவரைத் தமிழ்க் கரைக்குக் கொண்டுவந்தது. 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்கள் தெற்கே ஓடிவந்து, கடலூருக்குப் பக்கத்தில் கெடிலம் ஆறு கடலைத் தொடும் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையைத் தலைமையிடமாக்கினார்கள். சமாதான உடன்படிக்கையின்படி 1749 இல் சென்னை திரும்பக் கிடைத்தது. கோட்டைகள் இனியும் இப்படி விழக்கூடாது என்று கம்பனி நினைத்தது. எல்லாக் கோட்டைகளையும் பார்த்துத் திருத்த ஒரு தலைமைப் பொறியாளர் வேண்டும். றொபின்ஸை நியமித்தார்கள். வேகமும் விசையும் தெரிந்தவருக்குச் சுவரின் தடிப்பும் தெரியும் என்பது நியாயமான கணக்கு. 1749 டிசெம்பரில் புறப்பட்டு 1750 ஜூலையில் தேவனாம்பட்டினத்தில் இறங்கினார். வானியல் கருவிகளையும் பரிசோதனைக் கருவிகளையும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

அவர் இறங்கிய ஊருக்குப் பீரங்கியோடு விசித்திரமான ஓர் உறவு முன்னமே இருந்தது. 1690 இல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து கம்பனி இந்தக் கோட்டையை வாங்கியபோது, கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்வி வந்தது. பெரிய பீரங்கி ஒன்றைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவும் என்று உடன்பாடு. சென்னையில் அப்போது ஆளுநராக இருந்தவர் எலிஹூ யேல், பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். கோட்டையிலிருந்து பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டின் எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் எல்லாம் கம்பனிக்குச் சொந்தமாயின. அங்கே உழுதுகொண்டிருந்தவர்களிடம் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. கலிலியோவின் பரவளைவு மட்டும் உண்மையாக இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ ஊர்கள் போயிருக்கும். மிச்ச ஊர்களைக் காப்பாற்றியது, றொபின்ஸ் ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து அளந்த அதே காற்றுத்தான்.

அவர் வந்த நேரம் கரையெங்கும் போர். ஐரோப்பாவில்தான் சமாதானம். இங்கே கர்நாடக நவாப் பதவிக்குச் சந்தா சாகிப் ஒரு பக்கம், முகமது அலி மறு பக்கம்; முதலாமவருக்குப் பின்னால் புதுச்சேரியில் இருந்து டூப்ளே, இரண்டாமவருக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பனி. புதுச்சேரிக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் இடையில் ஒரு நாள் நடைத் தூரம். இரண்டு பக்கத்திலும் சிப்பாய்களாக நின்று செத்தவர்களில் இந்த மண்ணின் ஆட்கள் ஏராளம். யாருடைய பதவிக்கு என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்?

றொபின்ஸ் தேவனாம்பட்டினம் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் திட்டங்கள் வரைந்தார். வந்த இரண்டாம் மாதமே காய்ச்சலில் விழுந்தார். எழும்பி மறுபடி வேலையில் இறங்கினார். அவர் ஒல்லியான உடம்புக்காரரா, பருத்தவரா, வெயிலை எப்படித் தாங்கினார் என்றெல்லாம் அறிய ஆசையாக இருக்கிறது. அவரை அறிந்தவர்கள் எழுதிவைத்ததில் கூடுதலாகத் தெரிவது அவருடைய விடாப்பிடிதான். மணம் முடிக்கவில்லை. அடுத்த வருடம் மீண்டும் நோய் வந்தது. 1751 ஜூலை 29 ஆம் திகதி, கோட்டைகளின் நிலைமை பற்றிக் கம்பனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது பேனாவும் கையுமாக இறந்துபோனார் என்று நண்பர்களின் வரலாறு சொல்கிறது. வயது 44. அவர் வரைந்த சுவர்கள் அவருடைய வாழ்நாளில் எழும்பவில்லை. ஒரு மாதம் கழித்து, கிளைவ் என்னும் இளம் அதிகாரி சிறு படையோடு சென்னையிலிருந்து ஆற்காட்டுக்குக் கிளம்பினார். அதன் பிறகு நடந்ததைச் சரித்திரப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

இளமைக்கால நண்பரான வைத்தியர் ஜேம்ஸ் வில்சன், றொபின்ஸின் எழுத்துகளைத் திரட்டி 1761 இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஊசலை வூல்விச்சில் சார்ள்ஸ் ஹட்டன் பெரிதாக்கினார். சன்னத்தோடு நிற்காமல் பீரங்கிக் குண்டுகளையே அதில் மோதவிட்டார். 19 ஆம் நூற்றாண்டில் மின்சாரம் வந்தது. பெல்ஜியத்தின் லெ பூலான்ஷே என்ற அதிகாரி இரண்டு கம்பித் திரைகளைச் சன்னத்தால் அறுக்கவிட்டு, இரண்டு அறுப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை, விழும் கோல்களின் உதவியோடு பதிந்தார். குரோனோகிராப் என்பது அது. றொபின்ஸ் கைவிட்ட நேரம் இப்போது கைக்கு எட்டியிருந்தது.

இன்று விற்பனைக்கு இருக்கும் ஒரு வகைக் குரோனோகிராப், துப்பாக்கிக் குழாயின் முனையிலேயே கத்தி பூட்டுவதுபோல் பட்டியால் இறுக்கிக் கட்டப்படுகிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடக்குறைய நீளமான தண்டு; அதற்குள் இரண்டு காந்த உணரிகள். சன்னம் மேலாகப் பறந்து போகும்போது முதல் உணரியின் காந்தப்புலம் குலையும், பிறகு இரண்டாவதினது. இடையில் போன நேரத்தைச் சில்லு எண்ணிவிடும். கைபேசித் திரை அளவில் ஒரு பெட்டி, அதில் ஓர் எண். ஏகே வகைத் துப்பாக்கி என்றால் செக்கனுக்கு 700 மீற்றருக்குச் சற்று மேல் காட்டும். வேட்டைக்காரரும் விளையாட்டாகக் குறி சுடுபவர்களும் தாங்கள் நிரப்பிய மருந்து சன்னத்துக்குச் சன்னம் ஒரே அளவில் தள்ளுகிறதா என்று பார்க்க இதைப் பாவிக்கிறார்கள். ஒரு தொல்லை மட்டும் உண்டு. குழாயின் நுனியில் பாரம் ஏறியதும் குழாய் அதிரும் விதம் மாறி, சன்னம் வழக்கமாக விழும் இடத்தில் விழாது. ஆகவே வேகத்தை ஒரு தடவையும் குறியை இன்னொரு தடவையுமாகத்தான் பார்ப்பார்கள்.

புனித டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். றொபின்ஸ் இறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. ஆற்றங்கரையில் சில இடிபாடுகள் மிஞ்சின. தேவனாம்பட்டினம் என்ற பெயர் எங்களில் பலருக்கு 2004 சுனாமிச் செய்திகளில்தான் முதலில் காதில் விழுந்திருக்கும். முல்லைத்தீவை விழுங்கிய அதே அலை அங்கேயும் ஏறியது. அதற்குச் சற்று வடக்கே, பெண்ணையாற்றுப் பக்கம், குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. 1690 இல் வந்து விழுந்த பீரங்கிக் குண்டுதான் தங்கள் ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

இதையெல்லாம் அக்காவின் மகனிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டான். பிறகு, அந்த ஊசலின் பாரத்தை இறாத்தலிலிருந்து கிலோகிராமுக்கு மாற்றினால் எவ்வளவு வரும் என்று கேட்டான். இருபத்தைந்தரை என்றேன். கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.